மீரா சாகிபு போலி என்று சொன்ன இரும்பு

கீழக்கரையில் ஒருவர் இருக்கிறார், இரும்பை நாக்கால் தொட்டுப் பார்த்தே அது ஜப்பான்காரன் அந்தக் காலத்தில் அடித்ததா, போன மாதம் எவனோ வார்த்ததா என்று சொல்லிவிடுவார், ஒருதரம்கூட அவர் வாக்கு தப்பியதில்லை என்று ஒரு பேச்சு ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டது. பாம்பனில் கேட்டால் அடித்த வருடத்தையும் சேர்த்துச் சொல்வார் என்கிறார்கள். பாலத்தைத் தாண்டும்போது எந்தப் பேச்சும் கொஞ்சம் பருத்துத்தான் போகும். விசாரித்ததில் முதல் பாதி பொய். மீரா சாகிபு எந்த இரும்பையும் நக்கியதில்லை. சர்க்கரை வியாதிக்காரர், எதையும் யோசிக்காமல் வாயில் வைக்கமாட்டார். வாக்கு தப்பியதில்லை என்ற இரண்டாவது பாதியும் பொய். அதைப் பரப்பியவர் அவரேதான்.

வயது அறுபத்தொன்று. இருபத்து மூன்றில் ஜப்பானின் கோபே நகரத்துக்குப் போனவர். ஊர்க்காரர்கள் அங்கே ரத்தினக்கல் விற்கப் போனார்கள். இவருக்குக் கல் கிட்டவில்லை, அட்டைப்பெட்டிதான் கிட்டியது. பழம்பொருள் ஏலம் விடும் கடையொன்றின் கிட்டங்கியில் பார்சல் கட்டுகிற வேலை. பத்தொன்பது வருடம் கட்டினார். அதில் பாதிக்கு மேல் வாள்காப்பு. வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவில், கை வழுக்கி அலகின்மேல் போய்விடாமல் இருக்க மாட்டுகிற இரும்பு வில்லை அது. உள்ளங்கை அகலம், நடுவில் வாள் நுழைகிற துளை, சுற்றிலும் கொக்கோ அலையோ செதுக்கியிருக்கும். ஜப்பான்காரர்கள் அதை சுபா என்பார்கள். வாளை விட்டுவிட்டு இந்த வில்லைக்காக மட்டும் லட்சங்களைக் கொட்டுகிறவர்கள் உலகமெல்லாம் இருக்கிறார்கள். லட்சம் கொட்டுகிற இடத்துக்குப் போலி வராமல் இருக்குமா?

அனுப்பிய பார்சல்களில் சில திரும்பி வரும். ஏன் போலி என்று வாங்கியவர் எழுதிய சீட்டு உள்ளே இருக்கும். பிரிக்கிற வேலையும் மீரா சாகிபுவுக்கே. சீட்டை வாசிப்பார், இரும்பைப் பார்ப்பார். ஆப்பத்தில் இருப்பதுபோல் பொடிப்பொடியாய்த் துளைகள் இருந்தால் உருக்கி ஊற்றிய வார்ப்பு. பிளாஸ்டிக் வாளியின் பக்கவாட்டில் ஓடுவதுபோல் ஒரு கோடு ஓடினால் அச்சு சேர்ந்த இடம். நடுத்துளையில் உளி பட்ட தடம் இல்லாவிட்டால் எந்த வாளும் அதற்குள் நுழைந்ததே இல்லை. பழைய துரு பேரீச்சம்பழம்போல் கறுத்திருக்கும், விரலில் ஒட்டாது. அமிலத்தில் முக்கி எடுத்த துரு செங்கல்போல் சிவந்திருக்கும், தொட்டால் ஒட்டும். இப்படிப் படித்துத் தேறினார். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு குறை. திரும்பி வந்தது பூராவும் பொய். அசல்கள் வாங்கியவர் வீட்டிலேயே தங்கிவிட்டன. இது ஏன் அசல் என்று யாரும் சீட்டு எழுதி அனுப்பவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகும் வித்தை விடவில்லை. ஜெர்மனியில் ஒரு பல் டாக்டர், மலேசியாவில் ஒரு டயர் வியாபாரி, இப்படி ஏழெட்டுப் பேர் ஏலத்துக்கு வருகிற வாள்காப்புகளின் படத்தை வாட்ஸப்பில் அனுப்புவார்கள். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒரு வார்த்தையில் பதில் போடுவார். வார்ப்பு. அல்லது, வேண்டாம். வாங்கச் சொல்லி அவர் எழுதியது மிகக் குறைவு. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பவரின் தவறு யார் கண்ணிலும் படாது. வாங்காமல் விட்ட சரக்கு வீடு தேடி வந்து சண்டை போடுவதில்லை. வாக்கு தப்பாதவர் என்ற பெயர் இப்படித்தான் விளைந்தது.

காதர் மைதீன் அவருக்கு ஆறு வயது மூத்தவர், அண்ணன் என்ற மரியாதையில் காக்கா என்று கூப்பிடுவார். அதே கோபேயில் மாலுமிகள் தங்கும் விடுதியில் சமையல்காரராக இருந்தவர். எல்லோரும் தங்கமும் டேப் ரிக்கார்டரும் கொண்டுவந்த காலத்தில் இவர் நாலு மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு வாள்காப்பு வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். வாள் எங்கே என்று மச்சினன்மார் கேட்டார்கள். முப்பது வருடமாக ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அதையே கேட்டார்கள். அந்த இரும்பு வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்தது. காதர் மைதீன் குனிந்து சோறு தின்றார்.

நாலு வருடத்துக்கு முன் சென்னையில் ஓர் ஏலக் கம்பெனி பழைய ஜப்பான் பொருட்களை ஏலம் விடப்போவதாக அறிவித்தது. காதர் மைதீன் எழுதிப்போட்டார். விலை அவருக்குப் பெரிதில்லை. கம்பெனி அச்சடிக்கிற புத்தகத்தில் அந்த இரும்பின் படம் வரவேண்டும், கீழே அசல் என்று ஒரு வரி வரவேண்டும், அந்தப் பக்கத்தை மச்சினன்மார் கையில் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை. விவரம் தெரிந்த யாராவது நேரில் பார்த்துச் சொன்னால் நல்லது என்று கம்பெனியில் சொன்னார்கள். விவரம் தெரிந்தவர் நாலு தெரு தள்ளித்தான் இருந்தார்.

ஜெட்டி ரோட்டில் செல்லச்சாமியின் டீக்கடை. மாலை அஸர் தொழுகை முடிந்து பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். காதர் மைதீன் கைக்குட்டையைப் பிரித்து இரும்பை நீட்டினார். செங்கல் சிவப்பு. மீரா சாகிபு அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. ஒரு விரலால் தொட்டார். விரல் சிவந்தது.

ஆயிரக்கணக்கில் பார்சல் கட்டியும் தனக்கென்று ஒன்று வாங்க முடியாதவர் அவர். ஒரு சமையல்காரரிடம் ஒன்று இருக்கிறது என்பது பல வருடமாகவே செரிக்கவில்லை. அது போலியாக இருந்தால் தேவலை என்று நினைத்தாரா என்று கேட்டால், இல்லை என்கிறார். கொஞ்சம் கழித்து, நினைத்திருப்பேன் என்கிறார்.

"போலி காக்கா. இத வச்சுத் தேங்கா துருவலாம். அதுக்கும் பல்லு பத்தாது."

கடையே சிரித்தது. செல்லச்சாமி கமுதிப் பக்கத்து ஆள், வாள்காப்பு என்றால் என்னவென்றே தெரியாது. அவரும் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். காதர் மைதீனும் சிரித்தார். மீரா சாகிபுவுக்கு மற்ற சிரிப்பெல்லாம் மறந்துவிட்டது, அது மட்டும் மறக்கவில்லை.

"நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும் தம்பி" என்று இரும்பைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு காதர் மைதீன் எழுந்து போனார்.

ஏலத்திலிருந்து விலகிக்கொண்டார். டீ குடிக்கிற கடையையும் மாற்றிக்கொண்டார். துருவல் காதர் என்ற பெயர் மட்டும் மாறாமல் கூடவே போயிற்று. மச்சினன்மார் அதற்குப் பிறகு வாள் எங்கே என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். பெயரே போதுமானதாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்து, காதர் மைதீனுக்கு மூச்சுத்திணறல் என்று கேள்விப்பட்டு மீரா சாகிபு பார்க்கப் போனார். நோயாளி உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். மகள் மாஷிதா உட்காரச் சொன்னாள். ஜன்னலோரம் மருந்துச் சீட்டுகள் பறக்காமல் இருக்க அவற்றின்மேல் ஓர் இரும்பு வைத்திருந்தது. பேரீச்சம்பழ நிறம்.

எடுத்தார். இந்தத் தடவை புரட்டிப் பார்த்தார். நடுத்துளையின் ஓரத்தில் உளித்தடம். வாள் ஆடாமல் இருக்க இரண்டு முனையிலும் செருகிய துளிச் செம்பு. ஒரு பக்கம் தேய்மானம். ஏதோ ஒரு வாள் அதற்குள் பல காலம் குடியிருந்திருக்கிறது. ஆப்பத் துளையும் இல்லை, அச்சுக் கோடும் இல்லை.

"இது அன்னைக்குச் செவப்பா இருந்துச்சே, மாஷிதா?"

"போட்டோ எடுக்கணும்னதும் உம்மாதான் புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சாங்க மாமா. வெள்ளி கணக்கா ஆயிருச்சு. ரெண்டு நாள்ல உப்புக்காத்து பட்டுச் செவந்துபோச்சு. பொறவு வாப்பா தெனமும் கையில வச்சுத் தடவிக்கிட்டே இருப்பாங்க. அதுல இப்படிக் கறுத்துருச்சு."

கல்யாணமோ பெருநாளோ, இந்த ஊரில் ஓர் உலோகம் வெளியாள் கண்ணில் படப்போகிறதென்றால் முதலில் அதற்குப் புளிதான். மாஷிதாவின் உம்மா காலிதா செய்ததை மீரா சாகிபு வீட்டிலும் செய்திருப்பார்கள். கோபேயில் யாரும் இரும்பைப் புளிபோட்டுத் தேய்ப்பதில்லை, அதனால் அவர் வாசித்த எந்தச் சீட்டிலும் புளி இல்லை. கீழக்கரை வீட்டு இரும்பைக் கீழக்கரைக்காரர் கோபேக்காரனின் கண்ணால் பார்த்திருக்கிறார்.

நாளைக்கு வாரேன், வாப்பாட்ட ஒரு விஷயம் பேசணும் என்று சொல்லிவிட்டு வந்தார். நாளை என்பது வெள்ளிக்கிழமை, ஜும்ஆ. சனிக்கிழமை ஜெர்மன் பல் டாக்டருக்கு ஏதோ அவசரம். ஞாயிறு காலில் வீக்கம். திங்களன்று என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தார். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று தொடங்குவதா, உங்கள் வீட்டில் புளி போட்டுத் தேய்த்ததால் என்று தொடங்குவதா? இரண்டாவதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. பொழுது போய்விட்டது. செவ்வாய் காலை பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் காதர் மைதீன் மவுத்தான செய்தி வந்தது.

அடக்கம் செய்யுமுன் நடக்கிற ஜனாஸா தொழுகை தொடங்கும்போது வீட்டுக்காரர் ஒருவர் முன்னால் வந்து கேட்பது வழக்கம். மருமகன் தவ்ஃபீக் கேட்டான்.

"மாமா யாருக்காச்சும் எதாச்சும் குடுக்கவேண்டியிருந்தா எங்கிட்ட கேளுங்க, நான் பொறுப்பு. யார் மனசையாச்சும் நோகடிச்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க."

மவுத்தானவருக்குத் தரவேண்டியவர் யாராவது உண்டா என்று கேட்கிற வழக்கம் இல்லை. மூன்றாவது வரிசையில் நின்ற மீரா சாகிபுவுக்கு அது வசதியாக இருந்தது. அந்த வசதியைத்தான் தாங்க முடியவில்லை.

நாற்பது நாள் கழிந்து மாஷிதாவைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். அடுத்த ஏலத்துக்கு அனுப்பலாம், அசல் என்று தானே எழுதித் தருகிறேன் என்றார். அவள் வேண்டாம் என்றாள். புளி விஷயம் உம்மா காதுக்குப் போகக்கூடாது, தன்னால்தான் இத்தனையும் என்று நினைத்து ஒடிந்துபோய்விடுவாள் என்றாள்.

"வாப்பாவுக்கு அது அசல்னு தெரியும் மாமா. ஊருக்குத்தான் தெரியாது. எங்க வச்சுப் போலின்னு சொன்னீங்களோ, அங்கன வச்சு இதையும் சொல்லிருங்க. போதும்."

சரி என்றார். பழியைப் புளியின்மேல் போடமுடியாது என்று ஆனபின் சொல்வதற்கு மீதி இருந்தது ஒரே ஒரு வாக்கியம்: நான் புரட்டிப் பார்க்கவில்லை. ஜெட்டி ரோட்டு டீக்கடைக்குத் தினமும் போகிறார். ஒருநாள் தொண்டையைச் செருமி, நம்ம காதர் காக்கா, என்று ஆரம்பித்தும்விட்டார்.

"யாரு பாய், துருவல் காதரா?" என்றார் செல்லச்சாமி.

"ஆமா" என்றார் மீரா சாகிபு. டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தார்.

அது நடந்தும் ஒன்றரை வருடம் ஆகிறது, அந்த வாக்கியம் இன்னும் வெளியே வரவில்லை. ஏலப் படங்கள் வந்துகொண்டிருக்கின்றன, ஒற்றை வார்த்தையில் பதிலும் போய்க்கொண்டிருக்கிறது. மாஷிதா எதுவும் கேட்பதில்லை. தெருவில் எதிரே வந்தால் ஸலாம் சொல்கிறாள். சொன்ன பிறகும் ஒரு நொடி நிற்கிறாள்.