பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

"அக்கா, இன்டர்நெட் ஒயரைப் புடுங்கச் சொல்றீங்களே... எந்த ஒயருங்க்கா? இங்க நாலு நீலம், ரெண்டு மஞ்சள், ஒண்ணு என்ன கலருன்னே தெரியலீங்க!"

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணி. போனில் என் சித்தி மகள் சுமதி. நான் வடவள்ளியில் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஆறு பேர். அடுத்து நான் போட்ட சத்தத்தில் ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாத்தையும் புடுங்கு சுமதி! கைக்கு எது சிக்குதோ அதையெல்லாம் புடுங்கு! நான் வாரேன்."

வரிசையை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். அந்த மாதச் சர்க்கரை போனது போனதுதான்.

மில்லில் கம்ப்யூட்டர் பிரிவில் இருபத்தோரு வருஷம் குப்பை கொட்டியவள் நான் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அதனால் உறவில் யார் வீட்டில் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் போன் எனக்குத்தான் வரும். 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச அக்கா.' வேலை முடிகிற வரைக்கும் அக்கா. முடிந்த பிறகு நான் சொல்லும் புத்திமதியைக் கேட்க மட்டும் யாருக்கும் நேரம் இருக்காது!

சுமதி கணபதி ஏரியாவில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். இருபத்தாறு தையல்காரப் பெண்கள். பேட்ஜுக்கு எம்பிராய்டரி போட ஒரு மெஷின். ஆபீஸ் வேலைக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். கடையில் விற்கும் ரெடிமேட் சைஸ் அவளிடம் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக அளவெடுத்துத் தைப்பாள். அவளைத் தேடி வருவதே அதற்காகத்தான். இந்த வருஷம் நான்கு பள்ளிகள். அதில் ஒன்று பெரிய பள்ளி, ஆயிரத்து நூறு பிள்ளைகள். பல வருஷமாக ஒரு பெரிய கம்பெனி வைத்திருந்த ஆர்டர், முதல் முறையாக இவள் கைக்கு வந்திருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் ஆங்கிலத்தில் மிக மரியாதையாக ஒரு கடிதம். 'உங்கள் ஃபைல்கள் அனைத்தும் பூட்டப்பட்டுள்ளன. கவலைப்பட வேண்டாம். கேட்ட தொகையை நாலு நாளைக்குள் அனுப்பினால் சாவி தரப்படும்.'

கவலைப்பட வேண்டாமாம்! முகம் தெரியாத எவனோ வீட்டுக்குள் புகுந்து, நம் பீரோவுக்குத் தன் பூட்டை மாட்டிவிட்டு, சாவிக்கு விலை சொல்கிறான். ரான்சம்வேர் என்றால் இவ்வளவுதான்.

"என்னென்ன போச்சு?"

"அளவுங்க்கா. புள்ளைங்க அளவு அத்தனையும் போச்சுங்க்கா."

நான்கு பள்ளிகள். ஏறக்குறைய இரண்டாயிரம் பிள்ளைகள். தோள், மார்பு, இடுப்பு, நீளம். பிப்ரவரியிலிருந்து பள்ளி பள்ளியாகப் போய் எடுத்தது. பெரிய பள்ளிக்குத் துணி வெட்ட இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. பள்ளி திறக்க இருபத்திரண்டு நாள்.

"எழுதி எடுத்த தாளெல்லாம் எங்க?"

"பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டேனுங்க்கா. பேப்பரைக் கட்டிட்டு அழாத, எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துன்னு நீங்கதானுங்க்கா சொன்னீங்க..."

சொன்னேன். போன தீபாவளிக்கு, வாயில் மைசூர்பாகுடன் சொன்னேன்.

சரி, எப்படி வந்தது இந்த வினை? தேட ஆரம்பித்தேன். தேடத் தேட எனக்குக் கோபம் ஏறியது. கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்டு: சுமதி123. வைஃபைக்கு? அதே சுமதி123. அதையும் பெரிய எழுத்தில் எழுதி, முருகர் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்தது. பள்ளியில் அளவெடுக்க விட்டுப்போய் இங்கே வரும் பிள்ளைகள் வீடியோ பார்க்க வேண்டுமாம்! வருகிறவர்களுக்கு என்று தனியாக கெஸ்ட் வைஃபை வைக்க ரௌட்டரிலேயே வசதி இருக்கிறது. செலவு ஒன்றும் இல்லை, ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அந்த ரௌட்டருக்குள் யாருமே நுழைந்தது கிடையாது. கம்பெனிக்காரன் மாட்டிவிட்டுப் போன அன்றைக்கு இருந்த 'அட்மின்' பாஸ்வேர்டு அப்படியே இருந்தது. விண்டோஸ் அப்டேட்டை யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆண்டிவைரஸையும் அணைத்து வைத்திருந்தார்கள்.

யார்? கம்ப்யூட்டருக்கு சர்வீஸ் பார்க்கிறவருக்கு போன் போட்டேன்.

"ஆண்டிவைரஸை ஆஃப் பண்ணுனது யாருங்க?"

"நான்தானுங்க மேடம். பேட்ஜ் டிசைன் பண்ற சாஃப்ட்வேர் ஒண்ணு கிராக் பண்ணுனது போட்டுக் குடுத்தனுங்க. இது ஆன்ல இருந்தா அது ஓடாதுங்க. வைரஸ்னு சொல்லுமுங்க."

"வைரஸ்னு சொன்னா...?"

"அது சும்மா சொல்லுமுங்க மேடம்."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? போனை வைத்துவிட்டேன்.

எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. நம் ஊரில் மோட்டார் வாங்கினால் காப்பர் காயிலா என்று பிரித்துப் பார்ப்போம். பட்டன் வாங்கினால் வெந்நீரில் போட்டுப் பார்ப்போம். ஆனால் தொழில் முழுவதும் ஓடுகிற கம்ப்யூட்டரில் மட்டும், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத திருட்டு சாஃப்ட்வேரைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவோம். அதே பேட்ஜ் வேலையைச் செய்ய இலவசமாக, முறையாகவே கிடைக்கிற சாஃப்ட்வேர் இருக்கிறது. யாரும் தேடவில்லை. சும்மா வந்ததில் எது நேர்வழி, எது குறுக்குவழி என்று யார் பார்க்கிறார்கள்?

கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டேன். "போன வருஷம் பேக்கப் எடுக்க ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொன்னனே?"

அன்று முதல் முறையாக சுமதியின் முகம் மலர்ந்தது.

"அது இருக்குதுங்க்கா! நீங்க சொன்ன அன்னிக்கே வாங்கிப்போட்டேன். தினமும் தானா காப்பி ஆவறாப்புல சர்வீஸ்காரரு செட் பண்ணிக் குடுத்தாருங்க. வாங்க காட்டறேன்."

கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்தது. சின்னக் கறுப்புப் பெட்டி. வாங்கிய அன்று பூஜை போட்டு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தது. அதிலிருந்து ஒயர் நேராகக் கம்ப்யூட்டருக்குள் போயிருந்தது.

"இந்த ஒயரை எப்பக் கழட்டுவே?"

"கழட்டறதே இல்லீங்க்கா. பத்திரமா இருக்கோணுமில்லீங்க?"

என் லேப்டாப்பில் மாட்டிப் பார்க்கக்கூட பயமாக இருந்தது. தெரிந்த நிபுணர் ஒருவரிடம் கொண்டுபோய்ப் பார்த்தோம். கம்ப்யூட்டரோடு சேர்ந்து அதுவும் பூட்டப்பட்டிருந்தது. எப்போதும் மாட்டியே இருக்கிற டிஸ்க்கும் கம்ப்யூட்டரின் ஒரு பகுதிதானே? வந்தவன் அதை மட்டும் விட்டு வைப்பானா? இந்த வகைப் பூட்டுக்கு இலவசச் சாவி எதுவும் இன்னும் வெளிவரவில்லை என்றார் நிபுணர்.

திரும்பி வரும் வழியில் சுமதி மெதுவாகக் கேட்டாள். "கழட்டி வைக்கோணும்னு நீங்க சொல்லவே இல்லீங்களேக்கா?"

சொல்லவில்லை. 'ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கு' என்பதோடு என் ஆலோசனை முடிந்துவிட்டது. அதற்குள் அடுத்த பலகாரம் வந்திருக்கும்.

வீட்டில் சுமதியின் கணவர் நடராஜ் காத்திருந்தார். நிதானமான மனிதர். அன்றைக்கு நிதானம் இல்லை.

"கேட்டதைக் குடுத்துப்போடலாமுங்க. என்ன பண்றது? ஆயிரத்து நூறு புள்ளைங்க வெறும் ஒடம்போடயா பள்ளிக்கூடம் போறது?"

"குடுத்தா சாவி வருமுன்னு யாருங்க ஜவாப்தாரி? வாங்கிட்டு மறுபடியும் கேப்பான். ஒருவாட்டி குடுத்தா, குடுக்கறவங்க லிஸ்ட்ல நம்ம பேரும் ஏறிக்கும்" என்றேன்.

"அப்ப நீங்களே ஒரு வழி சொல்லுங்க!"

இருவரும் சுமதியைப் பார்த்தோம். அவள் அளவு டேப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சி தெரியாதவனை நம்பறதுக்கு, ஆயிரம் அம்மாமாருகிட்ட திட்டு வாங்கிக்கறேனுங்க. மறுபடியும் அளவெடுக்கலாம்."

சைபர் கிரைமில் புகார் கொடுத்தோம். அதற்குள் சுமதிக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பள்ளிகளுக்குப் போய் அளவெடுத்தவள் அவளுடைய தையல்காரப் பெண் ஜோதி. தினமும் சாயங்காலம், முடித்த தாள்களை போட்டோ எடுத்து சுமதிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். சுமதி ஏப்ரலில் போன் மாற்றிவிட்டாள், பழையது எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது, சாட் பேக்கப் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஆனால் ஜோதியின் போன்?

ஜோதியை வரச் சொன்னோம். உடைந்த திரையில் விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள். இரண்டு சின்னப் பள்ளிகள் முழுசாகக் கிடைத்தன. மூன்றாவதில் பாதி. பெரிய பள்ளி...?

"போன் நெம்பிப்போச்சுங்க்கா. புது மெசேஜே வரமாட்டேனுச்சு. அதனால அழிச்சுட்டனுங்க." அவள் கண் கலங்கிவிட்டது. "அழிக்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கோணுமுங்க."

"நீ அனுப்புனதனாலதான் இத்தனையாச்சும் மிச்சம் ஆச்சு கண்ணு. நீ எதுக்கு அழுவற?" என்றாள் சுமதி.

மறுநாள் சுமதி பெரிய பள்ளிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். தலைமையாசிரியை எங்களை உட்காரச் சொல்லவில்லை. லீவு நாளில் பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. சுமதி எதையும் மறைக்கவில்லை. "தப்பு என்மேலதானுங்க. மூணு நாள் குடுங்க" என்று மட்டும் சொன்னாள். வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி போனது.

அந்த மூன்று நாள் வெயிலை நான் மறக்க மாட்டேன். பள்ளி ஹாலில் நான்கு டேப். சுமதி, ஜோதி, இன்னும் இரண்டு பெண்கள். எழுதுகிற வேலை எனக்கு. 'போன மாசந்தானுங்க அளந்தீங்க, அதுக்குள்ள என்ன?' என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். சிலர் கேட்ட விதம் நன்றாக இல்லை. சுமதி ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். எண்ணூறு பிள்ளைகளுக்கு மேல் வந்துவிட்டார்கள்.

மீதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்கும், மூன்றாவது பள்ளியில் விட்டுப்போன பாதிப் பேருக்கும் போனில்தான். தாராபுரத்திலிருந்து ஒரு தகப்பனார், கட்டட வேலைக்கான இரும்பு டேப்பால் மகளை அளந்து, மில்லிமீட்டரில் அனுப்பினார். பவானியிலிருந்து ஓர் அம்மா, பையனைக் கதவோடு நிற்க வைத்து போட்டோ அனுப்பி, 'கதவு ஆறரை அடிங்க, பாத்துப் போட்டுக்கோங்க' என்றார். ஜோதி அதையும் கணக்குப் போட்டு எழுதினாள்.

முடிவு? இருபத்தாறு பெண்களும் ஞாயிற்றுக்கிழமையும் வந்து தைத்தார்கள். மூன்று பள்ளிகளுக்கு நாள் தவறாமல் போய்விட்டது. பெரிய பள்ளியில் திறந்த அன்று மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள்தான் சீருடையில் வந்தார்கள். மற்றவர்கள் பத்து நாள் கலர் டிரஸ்ஸில் வந்தார்கள். பிள்ளைகளுக்கு ஏகக் கொண்டாட்டம். நிர்வாகத்துக்கு இல்லை. அடுத்த வருஷ ஆர்டரை 'யோசிக்கலாமுங்க' என்று சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

சுமதி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது அங்கே இரண்டு டிஸ்க். சனிக்கிழமை ஒன்றை மாட்டிக் காப்பி எடுத்ததும் நடராஜ் கையோடு கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார். அடுத்த சனிக்கிழமை இன்னொன்று. அளவுகள் ஆன்லைனிலும் ஒரு காப்பி, பழைய நிலைக்குத் திரும்பிப் போகிற வசதியோடு. அந்தக் கணக்குக்கு நீளமான தனி பாஸ்வேர்டு. அதோடு, நுழையும்போதெல்லாம் போனுக்கு வருகிற நம்பரையும் போட வேண்டும். திருட்டு சாஃப்ட்வேரும் அதைப் போட்டுக் கொடுத்தவரும் வெளியே. மாதத்துக்கு ஒரு முறை டிஸ்க்கிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும் என்பதும் சட்டம். காப்பி எடுத்தால் மட்டும் போதுமா? திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டாமா?

இத்தனையும் அவர்களுக்கு விலாவாரியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து என் ஆன்லைன் பேக்கப்பைத் திறந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்பது வருஷமாக இந்தப் பத்திக்கு எழுதியதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

பாஸ்வேர்டு மறந்துவிட்டது.