எந்த மூலைக்கு ஓடுவாள்?

போன மாதம் ஒரு சின்ன விளையாட்டில் ஒரு பிள்ளையை இழந்துவிட்டேன்.

பதறாதீர்கள். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள். எங்கள் கோயிலில்தான் இல்லை.

ஆவடியில் எங்கள் பங்குக் கோயிலில், ஞாயிறு பூசை முடிந்ததும் நான் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் — என் படிப்பு பத்தாவதோடு சரி. ஜெபம் சொல்லித்தர அது போதும் என்று ஃபாதர் விட்டுவிட்டார். இந்த வருஷம் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப்போகிற பிள்ளைகள் என் பொறுப்பு.

வகுப்பு தொடங்குமுன் எங்களுக்கு ஒரு பயிற்சி. எடுக்க வந்த சிஸ்டர் சின்ன வயசு. முதல் நாளே புத்தகத்தைத் திறக்காதீர்கள், பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுப் பிள்ளைகளை ஓடவிடுங்கள், கால் ஓடினால் கூச்சம் தானாக ஓடும் என்றார். சொல்லித்தந்த விளையாட்டின் பெயர் 'நாலு மூலை'. அறையின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பெயர் வைப்போம். அவரவருக்கு உரிய மூலைக்கு ஓட வேண்டும். எந்த மூலையிலும் சேராதவர் அவுட்.

செய்து பார்த்தேன். இட்லி, தோசை, பூரி, பொங்கல் என்று நாலு மூலை. அடேயப்பா... என்ன ஓட்டம், என்ன சத்தம்!

அனிஷா என்று ஒரு பெண். வெள்ளானூரில் புதிதாக வாடகைக்கு வந்த குடும்பம். சுவரோடு ஒட்டி நின்றவள், பூரி மூலைக்கு ஓடினாள். அங்கே நின்ற ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா?

எனக்கென்று ஒரு யோசனை வந்தது. எங்கள் பங்கில் தெருத்தெருவாகக் குடும்பங்களைச் சேர்த்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு புனிதர் பெயர் வைத்திருக்கிறோம். அன்பியம் என்போம். மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வோம். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளட்டுமே என்று, "இப்ப அவங்கவங்க அன்பியம்" என்று கைதட்டிவிட்டேன்.

அந்தோணியார் ஒரு மூலை, சூசையப்பர் ஒரு மூலை, செபஸ்தியார், லூர்து மாதா. ஜெனியின் கையை விடாமல் அனிஷாவும் அந்தோணியாருக்கு ஓடினாள். அங்கிருந்த ஒருத்தன் அவளை நிறுத்தினான்.

"நீ எங்க அன்பியம் இல்ல. ஒங்க ஊடு வெள்ளானூர்லதானே கீது?"

அடுத்த மூலைக்குப் போனாள். அங்கேயும் சேர்க்கவில்லை, சிரித்தார்கள். கடைசியில் நடுவில் வந்து நின்றாள். பிள்ளைகள் தாளம் போட்டு "அவுட்டு, அவுட்டு" என்றார்கள். விளையாட்டு விதி அது. அவர்கள் மேல் தப்பில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். நானோ, "பரவால்ல பாப்பா, நீ பெஞ்சுல உக்காரு" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்... என்ன பிரயோஜனம்?

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. மனசு கேட்காமல், வீட்டுக்காரரின் பைக்கில் வெள்ளானூர் போனேன். மாடிவீடு. அவள் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஈஸ்டருக்கு முன்னாடியே குடிவந்தார்களாம். அன்பியத்தில் சேர இரண்டு பேரிடம் கேட்டார்களாம். இந்தத் தெரு எங்களுடையது இல்லை என்று இருவரும் சொல்லிவிட்டார்களாம்.

"பழைய கோயிலுக்கே போலாம்னு அழுவுறா அக்கா. கரையான்சாவடின்னா எம்மா தூரம், ஆவடில எறங்கி வேற பஸ் புடிக்கணும். நீங்களே சொல்லுங்க அவகிட்ட."

சொன்னேன். வரும் சனிக்கிழமை எங்கள் வீட்டில்தான் ஜெபம், நீயும் வா என்று கூப்பிட்டேன். கதவோரம் நின்றவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாங்க எந்த அன்பியம் ஆன்ட்டி? அத்த சொல்லுங்க, வர்றேன்."

எங்களோடது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எல்லை, தலைவர், பங்குப் பேரவை எல்லாம் என் கண்முன் வந்து நின்றன.

"கேட்டுச் சொல்றேன்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கேட்டேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். சனிக்கிழமை ஜெபத்துக்கு அவர்கள் வரவில்லை. மறுநாள் பூசைக்குப் போகிற வழியில் பார்த்தேன் — அம்மாவும் மகளும் பழைய கோயில் பக்கம் போகிற பூந்தமல்லி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அனிஷா என்னைப் பார்த்துக் கையாட்டினாள். கோபமே இல்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

புதுநன்மையை அங்கேயே வாங்கட்டும். எங்கே வாங்கினாலும் அதே ஆண்டவர்தான். தம்மிடம் ஓடிவந்த பிள்ளைகளை அவர் எந்தத் தெரு என்று விசாரித்ததில்லை.

கேட்டுச் சொல்கிறேன் என்றதும் இல்லை.