ரேடியம் கொலுசு

நான் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனதை ஊரே பார்த்தது. பார்க்கட்டும். என் வயசில் வேறு யார் அப்படிப் போனார்கள், வந்து சொல்லட்டும்.

எதனால் போனேன் என்பதை நிதானமாகச் சொல்கிறேன். எங்கள் எதிர்வீட்டுக்காரன் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். என்னை அத்தை என்பான். அவன் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளில் நைனார்பாளையம் போய் வருவாள். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து கிளம்பும்போது வெளிச்சம் இருக்கும். பாதி வழியில் இருக்காது. கார்த்திகையில் சூரியன் கல்வராயன் மலைக்குப் பின்னால் இறங்கியதோ இல்லையோ, எங்கள் பக்கம் சட்டென்று கறுத்துவிடும்.

அப்படி ஒரு நாள் அவன் கரும்பு ஏற்றிக்கொண்டு போகும்போது, முன்னால் போன ஒரு சைக்கிளைக் கிட்டத்தில்தான் பார்த்து வண்டியை ஒடித்திருக்கிறான். இறங்கிப் பார்த்தால் சொந்த மகள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சைக்கிளை வேப்பமரத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினான். அப்புறம்தான் வாயைத் திறந்தான்.

"கிளாஸும் வாணாம், சைக்கிளும் வாணாம். பள்ளிக்கூடம் உட்டதும் பஸ்சப் புடிச்சி வூடு வந்து சேரு."

"பரீட்சை வருதுப்பா. கிளாஸ் போவலன்னா கணக்குல நான் காலி."

"நீ பாஸாவறதுக்கு மொதல்ல உசுரோட இருக்கணும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. அவள் அழுததிலும் தப்பில்லை. நடுவில் நான் புகுந்தேன்.

"டேய், உன் கண்ணுக்குத் தெரியலன்றதுதானே உன் கவலை? தெரிய வெச்சா சாவியக் குடுப்பியா?"

"டிராக்டர்ல உக்காந்து நான் பாக்கணும் அத்தை. எனக்குத் தூரத்துலயே தெரிஞ்சா குடுக்கறேன்."

"தெரிய வெக்கறேன் பாரு!"

எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ரோட்டோரத்தில் இருக்கும் என் கொல்லையில் மக்காச்சோளம் நின்றது. கதிரில் கிளியும் மயிலும் இறங்காமல் இருக்கச் சுற்றிலும் ஜிகினா நாடா கட்டியிருந்தேன். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளி. காற்றடித்தால் விர்ரென்று கத்தும். அதில் மிச்சமிருந்த சுருளை எடுத்து வந்தேன். பரீட்சை முடியும்வரைதான் என்று சொல்லி அவனைப் பூட்டைத் திறக்க வைத்தேன். அவள் சினேகிதிகள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஹேண்டில்பாரில், சீட்டடியில், கேரியரில் என்று இழுத்து இழுத்துக் கட்டினோம். தெருவில் ஒரு சுற்று விட்டாள். அடடா! கோழிகள் கூரையேறின. துரத்திக்கொண்டு போன நாய் சத்தத்துக்குப் பயந்து திரும்பி ஓடிவந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு விலா நோவெடுத்தது.

"ஆயா, இது சைக்கிளா தேரா?"

"தேருதான். ஊரு கண்ணு படப்போவுது, மெதுவா போ!"

இருட்டத் தொடங்கியதும் கொல்லைப் பக்கத்து மண்ரோட்டில் பரீட்சை வைத்தோம். பெண் அந்தக் கோடியிலிருந்து வர வேண்டும், அவன் இந்தக் கோடியிலிருந்து மெதுவாகக் காலி டிராக்டரில் போக வேண்டும். நான் நடுவில் மதகின்மேல் நின்றேன். அவள் மின்னிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவன் வந்து என் முன்னால் நிறுத்தினான்.

"எங்க அத்தை, இன்னும் கெளம்பலயா அவ?"

"அடப்பாவி, அவளத் தாண்டித்தானேடா வந்த?"

"மினுக்கு மினுக்குனு ஓரத்துல ஏதோ தெரிஞ்சிது. எவனோ சோளத்துக்குக் கட்டினதுன்னு நெனைச்சிகினு வந்துட்டேன்."

ரோட்டின் இரண்டு பக்கமும் மக்காச்சோளம். எல்லார் கொல்லையிலும் அதே நாடா. அதில் ஒரு கொல்லை என்னுடையது. எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பி வந்த பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். அவன் சாவியை இடுப்பில் செருகியதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். நானும் நிறுத்தினேன்.

மறுநாள் அந்தியில் என் கறுப்பு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தேன். நாலு காலிலும் குளம்புக்கு மேல் வெள்ளை விழுந்த மாடு அது. எனக்குப் பின்னால் ஒரு மொபெட் வந்தது. அதன் வெளிச்சம் விழுந்தபோது பார்க்கிறேன், உடம்பு இருட்டில் கரைந்துபோய் நாலு வெள்ளைக் கால் மட்டும் மாறி மாறி நடக்கிறது. மொபெட்காரர் வெகு தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிட்டார்.

"மாடு போறது அங்கேருந்தே தெரிஞ்சிதுங்களா?" என்று கேட்டேன்.

"காலு நடக்குது இல்லிங்க, அதான் தெரிஞ்சிது."

ரோட்டிலேயே கை தட்டினேன். சோளக்கொல்லையில் எது வேண்டுமானாலும் மின்னும். மேலும் கீழும் மாறி மாறி மிதிக்குமா?

வண்டிகளுக்குப் பேர் எழுதுகிற கடையில் ரேடியம் ஸ்டிக்கர் துண்டுகள் வாங்கி வந்தேன். ராத்திரியில் விளக்குப் பட்டால் அது பளீரென்று திருப்பி அடிக்கும். பழைய ரெக்சின் பையைப் பட்டை பட்டையாக வெட்டி, அதன்மேல் ஒட்டி, கணுக்காலில் கட்டிக்கொள்ள முடிச்சுக்கயிறும் தைத்தேன். பிள்ளைகள் அதற்கு ரேடியம் கொலுசு என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அதைப் பார்த்து டிராக்டர்காரனுக்கு ஒரே சிரிப்பு. "நீ மதகு மேல நின்னுகினு பேசுவ அத்தை. அவ்வளோ தைரியமா இருந்தா நீயும் கட்டிகினு பின்னால உக்காரு, பாப்போம்."

"உக்காரமாட்டேன்னு நெனைச்சியா?"

உட்கார்ந்தேன். என் கால்களிலும் கொலுசு. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. சைக்கிள் கிளம்பியதும் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஆயா, ஆடாத!"

"நானாடி ஆடறேன்? உன் சைக்கிள்தான் ஆடுது!"

"சிரிக்காத ஆயா, வுழுந்துடுவோம்!"

மண்ரோட்டின் அந்தக் கோடியிலிருந்து டிராக்டர் விளக்கு திரும்பியது. அவள் ஓரம் பிடித்து மிதித்தாள். அவள் முதுகு விறைத்திருந்தது என் கைக்குத் தெரிந்தது. விளக்கு வந்தது, வந்தது, எங்கேயோ தூரத்தில் நின்றுவிட்டது. எஞ்சினும் அணைந்தது. இருட்டிலிருந்து அவன் குரல் மட்டும் வந்தது.

"ரெண்டு காலு மெதிக்குது, ரெண்டு காலு சும்மா தொங்குது! யாரு அது தொங்கறது?"

"நான்தான்டா!" என்று கத்தினேன். அந்த வேகத்தில் சைக்கிள் சாய்ந்து, ஓரத்துப் புல்லில் இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம். ஓடி வந்து தூக்கியவன், மகள் கையைப் பிடித்துச் சாவியை உள்ளங்கையில் வைத்து மூடினான். மறுநாள் அவனே முன்னால் ஒரு விளக்கும் பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் வாங்கி மாட்டினான்.

இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லார் காலிலும் அது இருக்கிறது. அவள் கிளாஸ் முடிந்து வரும் நேரத்தில்தான் நான் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவேன். என் கொலுசை நான் கழற்றவில்லை. எதிரே டிராக்டர் வந்தால் தூரத்திலேயே வேகம் குறைகிறது. ரோட்டின் நடுவில் ராணி மாதிரி நடக்கலாம் போலிருக்கும். நடக்கமாட்டேன். ஓரமாகத்தான் போவேன், கொஞ்சம் காலைத் தூக்கித் தூக்கி வைத்து.