வலது கண்ணில் ஒரு சொட்டு

நம்பாதவர்கள் வந்து என் வலது கண்ணைப் பார்க்கலாம். இமை முடி இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது.

2003-ஆம் வருஷம். தம்பானூருக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். கட்டட வேலை. இடது கண்ணில் ஓரம் மங்கிவிட்டது. சாரத்தில் கால் வைத்தால் பலகை தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் மலையாளி டாக்டர் ஆஷா, கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெடுகிறது என்றார். போன பார்வை வராது. இருப்பதைக் காக்கச் சொட்டு மருந்து.

"இடது கண்ணில் மட்டும். ராத்திரி ஒரே சொட்டு. கண்ணை மூடி மூக்கோரம் விரல் வச்சு ஒரு நிமிஷம் அமர்த்தணும். இமை முடி நீளும், பேடிக்க வேண்டாம். ஆனா ரெண்டு நேரம் விடக்கூடாது, கேட்டோ. கூட விட்டா மருந்து பிடிக்காது."

பிரிக்காத குப்பியைக் குளிரில் வைக்க வேண்டும். கீழே டீக்கடை சபீனாவின் பிரிட்ஜில் வைத்தேன்.

"அண்ணாச்சி, உங்க கண்ணு என் பால் பாக்கெட்டுக்கு நடுவுல வெறைச்சுக் கெடக்கு. எடுத்துட்டுப் போங்க" என்று சிரிப்பாள்.

முதல் வாரம் ஒன்றுமில்லை.

அப்புறம் ஒரு ராத்திரி, பத்து மணி. பாயில் படுத்து இடது கண்ணில் விட்டேன். இரண்டு கண்ணையும் மூடினேன். வலது கீழிமையை ஏதோ மெல்ல இழுத்தது.

டப்...

குளிர்ந்த ஒரு சொட்டு. குப்பி என் கையில்தான் இருந்தது. மூடி போட்டிருந்தது.

மறுநாளும் அதே மாதிரி. சொட்டு விழுந்தது. பிறகு ஒரு விரல் மூக்கோரம் அழுத்தியது. ஒரு நிமிஷம். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் மூச்சுக் காற்று படவில்லை...

நான் கண் திறக்கவில்லை. பயமா என்றால் சொல்லத் தெரியவில்லை. பகலெல்லாம் கல் சுமந்த உடம்பு. எதுவும் உறைக்கவில்லை. தூங்கிவிட்டேன்.

தினமும் நடந்தது. ஒரு மாதக் குப்பி பாதி மாதத்திலேயே தீர்ந்தது.

மூன்றாம் மாதம் டாக்டர் என் முகத்தையே பார்த்தார்.

"ரெண்டு கண்ணிலும் விட்டோ?"

"இல்ல டாக்டரே. இடது மட்டுந்தான்."

"பின்னே வலது இமை முடி எப்படி இத்தனை வளர்ந்தது?"

சோதித்தார். வலது நரம்பிலும் கேடு தொடங்கியிருந்தது. ஆனால் அழுத்தம் குறைந்திருந்தது.

"விட்டது நல்லதாப் போச்சு" என்றார்.



மறுநாள் விடியற்காலை. ஐந்தரை. பாதித் தூக்கம்.

வலது இமை இழுபட்டது.

டப்...

காலையில் வந்தது அதுதான் முதல் தடவை.

கீழே இறங்கிப் போய்ச் சபீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அடுப்பைத் தணித்தாள்.

"உங்களுக்கு முன்ன அந்த ரூம்ல உலகம்மைன்னு ஒரு அக்கா இருந்தா. அவ வீட்டுக்காரருக்கு வலது கண்ணுல இதே கேடு. இதே மருந்து. அவதான் விடுவா. ராத்திரி மட்டும் விட்ட வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு."

"அப்புறம்?"

"நோவு சீக்கிரம் மாறட்டும்னு காலையிலயும் விட ஆரம்பிச்சா. மூணே மாசம்... அந்தக் கண்ணு அணைஞ்சு போச்சு. அவரு சாரத்துலேர்ந்து விழுந்து செத்த அன்னைக்கு, அந்த ரூம்லதான் அவளும் உசுர விட்டா."