எதிர்வீட்டில் நின்ற புள்ளி

நான் எங்கள் தீவுக்கூட்டத்தில் உள்ள லாங் ஐலண்டில் நில அளவை வேலையில் இருந்தேன். தலைநகரின் அபர்டீன் பஜாரில் அறை எடுத்துத் தங்கியிருந்த கணவரின் இருப்பிடத்தைக் காட்டும் புள்ளி, மாலையானால் என் போன் வரைபடத்தில் எதிர்வீட்டில் நின்றது. அது அவருடைய கல்லூரித் தோழியின் வீடு.

புள்ளி இடம் தவறுவதற்கான காரணங்கள் எனக்குத் தெரியும். அறைக்குள் வானம் தெரியாது. செயற்கைக்கோள் சிக்னல் சுவர்களில் மோதிச் சுற்றி வரும். போன் உத்தேசமாக ஓர் இடத்தைக் காட்டும். மூன்றையும் நோட்டில் எழுதிப் பார்த்தேன், பொறாமை அடங்கவில்லை. அவரை அழைத்தேன்.

"எதிர்வீட்ல என்ன பண்றீங்க?"

"அரே, ரூம்லதான் இருக்கேன். உன் புள்ளி ரெண்டு நாளா கடல்ல நிக்குது. முழுகிட்டியான்னு நான் கேட்டேனா?"

"மொட்டை மாடிக்குப் போங்க."

போனார். திறந்த வானத்தின் கீழ் புள்ளி மெல்ல நகர்ந்து அவர் கட்டடத்துக்கே வந்தது. நிம்மதியாக இருந்தது. பிறகுதான் தோன்றியது, மாடியிலிருந்து பார்த்தால் அவள் ஜன்னல் நன்றாகத் தெரியும்.

"சரி, கீழ இறங்குங்க" என்றேன்.