நகரசபை மேசையும் நாலு பக்க வழிகாட்டியும்

நகரசபை முகப்பு மேசையில் இருப்பவன் ஊரார் குறைகளை எல்லாம் கேட்பான். தீர்ப்பது மேல்மாடியில் இருப்பவர்களின் வேலை. எண் சீட்டைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையில் காத்திருந்த உங்களுக்கு அந்த மேசையின் வெளிப்பக்கம் தெரியும். தொண்ணூறுகளில், கனடாவில், மொன்ட்ரியால் தீவின் ஓரத்துச் சின்ன நகரசபை ஒன்றில், உட்பக்கம் இருந்தவன் நான். இலங்கையிலிருந்து எங்கள் சனம் அந்தப் பக்கம் குடிவரத் தொடங்கியதும், நகரசபைச் சேவைகளைப் பற்றிய பிரெஞ்சு வழிகாட்டியைச் சுருக்கித் தமிழில் எழுதும்படி மேலாளர் லூசி சொன்னார். நாலு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

பெரிய குப்பை நாள்

முதல் பக்கத்தில் குப்பை. பழைய சோபா, மெத்தை, மேசை போன்றவற்றை எந்தத் தெருக்காரர் எந்தத் திங்கட்கிழமை வெளியே வைக்கலாம் என்று அட்டவணை போட்டிருந்தேன். ஒரே வாரத்தில் எல்லாப் பிரதிகளும் தீர்ந்துபோயின. உங்கள் ஆட்கள் ஒழுங்குவிதிகளை இவ்வளவு மதிக்கிறார்களே என்று லூசிக்கு வியப்பு. எனக்கும் பெருமைதான்.

பிறகுதான் உணவகத்தில் கோப்பை கழுவும் குகன் வந்தான். ஞாயிறு பின்னேரங்களில் நண்பனின் வான் வண்டியை எடுத்துக்கொண்டு, என் அட்டவணைப்படி தெருத்தெருவாகப் போய், வெளியே வைத்தவற்றில் கட்டில் முதல் பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தொட்டில் வரை சேர்த்துவிட்டான். சிரித்தேன். நானும் இந்த நாட்டில் முதன்முதல் படுத்தது யாரோ எறிந்த மெத்தையில்தான் என்பதை அவனிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். அவன் மேசையில் குனிந்து, "அண்ணை, உந்தத் திகதியளை எல்லாருக்கும் அடிச்சுக் குடுக்காதேங்கோ, பேந்து எங்களுக்கு ஒண்டும் மிஞ்சாது" என்றான்.

முறைப்பாட்டுப் படிவம்

ஜனவரியில் குகனின் மனைவி சிவராணி வந்தாள். மூன்று மாதக் குழந்தையைத் தன் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டியிருந்தாள். நாலு நாளாக வீட்டில் ஹீற்றர் வேலை செய்யவில்லை. வீட்டுக்காரன் தொலைபேசியை எடுப்பதில்லை. அடுப்பின் ஓவன் கதவைத் திறந்துவைத்து, அதற்கு முன்னால் மூவரும் படுக்கிறார்கள். நான் படிவத்தை எடுத்து வைத்தேன். பெயர், முகவரி, கையெழுத்து, அவ்வளவுதான். நகரசபைப் பரிசோதகர் வருவார், வீட்டுக்காரன் திருத்தியே ஆகவேண்டும் என்றேன்.

பெயர் எழுதும் இடத்தில் பேனா நின்றது. "அண்ணை, எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. முறைப்பாடு குடுக்கிற ஆக்கள் எண்டு எங்கையும் எழுதிப்போடுவினமோ?"

நகரசபைக்கும் குடிவரவுக்கும் தொடர்பே இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. ஊரில் ஒரு காகிதத்தில் பெயர் ஏறினால் என்னவெல்லாம் நடக்கும் என்று அறிந்தவள். நானும் அறிந்தவன்தான். ஆனால் பின்னால் ஏழு பேர் எண் சீட்டோடு காத்திருந்தார்கள். வழிகாட்டியின் மூன்றாம் பக்கத்தைத் திறந்து, 'வாடகைக்கு இருப்பவர் பெயரும் கையொப்பமும் இட்ட படிவம் அவசியம்' என்ற என் வசனத்தையே அவளுக்கு விரலால் காட்டினேன். அவள் படிவத்தை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். "பரவாயில்லை அண்ணை, வெய்யில் வருந்தானே."

வெட்டிய வரி

இரண்டு வாரம் கழித்து, மறுபதிப்புக்காக வழிகாட்டியைப் பிரெஞ்சு மூலத்தோடு ஒப்பிட்டேன். மூலத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது: வாடகைக்கு இருப்பவருக்குப் பதிலாக நகரத்தில் குடியிருக்கும் எவரும் முறைப்பாடு செய்யலாம், செய்தவர் பெயர் வெளியே சொல்லப்படாது. இடம் போதாதென்று நான்தான் அதை வெட்டியிருந்தேன். ஸ்கேற்றிங் மைதானம் திறக்கும் நேரங்களை முழுதாகப் போட்டிருந்தேன். என் வீடும் அதே நகரத்தில்தான். அன்றைக்கு நானே ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். அவள் பயந்து நின்றாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

உடனே என் பெயரில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில் பரிசோதகர் போனார். கதவைத் திறந்தது வீட்டுக்காரன். குடியிருந்தவர்கள் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் கிடைத்ததும் அவன் ஹீற்றரைத் திருத்திவிட்டான். லூசி கோப்பில் முத்திரை குத்தி என் பக்கம் தள்ளி, "பார்த்தீர்களா, எங்கள் முறை வேலை செய்கிறது" என்றார்.

சந்தையில்

மே மாதம் ஜான்-டலோன் சந்தையில் சிவராணியைக் கண்டேன், தக்காளிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில், குழந்தை தோளில். என்னிடம் வந்துபோன அதே வாரம் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் இருக்கும் மச்சாள் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். குழந்தை மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு விசில் கேட்டது. குளிரில் கிடந்த நாளிலிருந்து மூச்சு முட்டு என்றாள், மருந்துப் பம்ப் அடிக்கிறார்களாம்.

வெட்டிய வரியைப் பற்றியும், அன்று நானே கையெழுத்துப் போட்டிருக்கலாம் என்பதையும் சொல்வதா, விடுவதா? சொன்னால் என் பாரத்தை அவள் தலையில் இறக்குகிறேன். சொல்லாவிட்டால் அவள் முன் நல்லவனாக நிற்கிறேன். சொன்னேன். அவள் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "அதுக்கென்ன அண்ணை, நீங்களும் எங்களை மாதிரிப் படிவத்துக்குப் பயந்த ஆள்தானே."

நகரசபைச் சேவைகளைப் பற்றி இத்தனை வருடத்துக்குப் பிறகு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: படிவம் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தால், ஆளில்லாத வீட்டுக்கும் சூடு கிடைக்கும்.