மூளைக்குச் சாப்பாடு கட்டிய ரேலீன்

ஆஸ்திரேலியாவில் கௌலர் என்ற ஊரின் பள்ளிக்கூடத்துத் தாய்மார்களில் ரேலீன் ஷூபர்ட்டைக் கண்டு ஒதுங்காதவர்கள் குறைவு. குழந்தை தின்பதுதான் அதன் மூளை என்று எங்கோ படித்துவிட்டாள். அன்றிலிருந்து அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவை எட்டிப் பார்ப்பதே வேலை. வெள்ளை ரொட்டியைக் கண்டால் துக்கம் விசாரிக்க வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள்.

மகள் டில்லி, கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான தனி வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. ரேலீன் பத்தாவதோடு படிப்பை விட்டவள். மகளும் தன்னைப் போல சூப்பர்மார்க்கெட் கல்லாவில் நின்றுவிடுவாளோ என்று நிஜமாகவே பயந்தாள், பாவம். அதனால் விடிவதற்குள் எழுந்து கீரை, மத்தி மீன், பூசணி விதை, முளைகட்டிய பயறு என்று ஊதா டப்பாவை நிரப்புவாள். பிள்ளைகள் மிச்சம் வைத்ததை அப்படியே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது பள்ளியின் வழக்கம். டில்லியின் டப்பா சில மாதங்களாகக் காலியாகவே திரும்பி வந்தது.

"பாத்தியா? உன்ன மாதிரி தினம் பேக்கரில தின்னா மூளை எங்கேருந்து வரும்?" என்று கணவன் டேரிலைக் குத்துவாள். மகளைப் பள்ளியில் இறக்கிவிடுகிற டேரில் வாயே திறக்கமாட்டான்.

டில்லி தேர்வில் தேறினாள். ரேலீனுக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற பெற்றோருக்கு உபதேசம் செய்ய அனுமதி வாங்கி, பள்ளித் தோட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஊதா டப்பாவைத் தூக்கிக் காட்டினாள்.

தோட்டத்துக் கூண்டில் பள்ளி வளர்க்கும் கோழிகள் அதைப் பார்த்துவிட்டன. விழுந்தடித்து ஓடிவந்து கம்பிவலையில் முட்டிக் கத்தின. அவள் வலப்பக்கம் நகர்ந்தால் அவையும் நகர்ந்தன. பெற்றோர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"டில்லி, இதுங்களுக்கு என் டப்பாவ எப்படித் தெரியும்?"

டில்லி அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் செருப்பைப் பார்த்தான்.

"அப்போ இத்தன நாளா நீ என்னத்தடி தின்னே?"

"வர்ற வழியில அப்பா சாசேஜ் ரோலும் பிங்க் பன்னும் வாங்கித் தருவாரு."

"புடிக்கலைன்னு என்கிட்ட சொல்லவேண்டியதுதானே?"

"முதல் நாள் மிச்சம் கொண்டுவந்தப்ப நீ அழுதியேம்மா."

ரேலீன் தூக்கிய டப்பாவை மெல்லக் கீழே இறக்கினாள்.

மறுநாள் காலையில் ஊதா டப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு டப்பா இருந்தது. அதில் வெள்ளை ரொட்டியும், மேலே தடவிய உப்புக்கரிக்கும் வெஜிமைட்டும்.

"அப்புறம் ஊதா டப்பா யாருக்கு?" என்றான் டேரில்.

"கோழிங்களுக்குத்தான். நல்லா வர்ற நேரத்துல நிறுத்திட்டா அதுங்க படிப்பு என்னாவுறது?"